முதல் ஓவர்டிரைவ் பெடலைக் கையால் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில் கிடந்து மிதிபடும் அந்தச் சின்னப் பெட்டியைத் திறந்து பார்த்தால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். உள்ளே இவ்வளவுதானா என்று தோன்றும். இவ்வளவுதான் என்றால் நாமே செய்யலாமே என்று அடுத்த நிமிடமே ஆசையும் வரும். அந்த ஆசை வந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், நான் செய்து, கெடுத்து, மறுபடி செய்து தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், ஃபஸ் எல்லாம் ஒன்றுதானே?

அடிப்படை வேலை ஒன்றுதான். சிக்னலைப் பெருக்கி, அலையின் உச்சியையும் அடியையும் வெட்டிவிடுவது. இதை கிளிப்பிங் என்பார்கள். வெட்டு எவ்வளவு கூர்மையாக விழுகிறது என்பதில்தான் பெயர் மாறுகிறது. ஓவர்டிரைவில் உச்சி மெல்ல வளைந்து மழுங்கும். மெதுவாக மீட்டினால் சுத்தமான ஒலி, அழுத்தி மீட்டினால் கரகரப்பு. டிஸ்டார்ஷனில் கத்தியால் அறுத்த மாதிரி தட்டையாகிவிடும். ஃபஸ்ஸில் அலை கிட்டத்தட்ட சதுரமாகவே ஆகிவிடும்.

காலவரிசை தலைகீழ். ஃபஸ்தான் முதலில் வந்தது. மேஸ்ட்ரோ எஃப்இசட்-1 என்ற ஃபஸ் பெட்டி 1962இல் விற்பனைக்கு வந்தது. வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிஃபையரை முழு வால்யூமில் வைத்தால் கிடைக்கும் மென்மையான கரகரப்பைப் பெட்டிக்குள் கொண்டுவர இன்னும் பதினைந்து வருடம் ஆனது. பாஸ் ஓடி-1 வந்தது 1977இல். ஐபனெஸ் டியூப் ஸ்க்ரீமர் அதற்கடுத்து, 1970களின் கடைசியில்.

எனக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியாது. செய்ய முடியுமா?

முடியும். ஆனால் அவசரப்படாதவராக இருக்க வேண்டும். சூத்திரங்கள் தேவையில்லை. எந்தப் பாகத்தின் கால் எந்தப் பாகத்தின் காலோடு சேர வேண்டும் என்பதைப் படத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக இணைத்து, இணைத்ததைப் பென்சிலால் டிக் அடிக்கத் தெரிந்தால் போதும்.

ஷாக் அடிக்குமா?

9 வோல்ட் அடிக்காது. பயமில்லாமல் தொடலாம். இந்தத் துணிச்சலோடு போய் வால்வு ஆம்ப்ளிஃபையரைத் திறந்துவிடாதீர்கள். அதனுள்ளே 300, 400 வோல்ட் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கும், ஆளையே கொன்றுவிடும். சுவரில் செருகும் அடாப்டரையும் பிரிக்க வேண்டாம்.

முதல் பெடலுக்கு எந்தச் சர்க்யூட் நல்லது?

ஒரு ஆப்-ஆம்ப் ஐசி (சிக்னலைப் பெருக்கும் சில்லு), அதன் பின்னூட்டப் பாதையில், அதாவது வெளியீட்டை உள்ளீட்டுக்கே திருப்பும் வழியில், இரண்டு டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்). டியூப் ஸ்க்ரீமரின் இதயமும் இதுதான். அதிலிருக்கும் பஃபர், எலக்ட்ரானிக் ஸ்விட்ச், கொஞ்சம் சிக்கலான டோன் பகுதி ஆகியவற்றைக் கழித்துவிட்டால் பலகையில் இருபது பாகம்தான் மிஞ்சும். தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, வரைந்தபடியே படியுங்கள். ஐசி டிஎல்072, எட்டுக் கால்.

முதலில் மின்சாரம். 9 வோல்ட் பிளஸ், 1என்5817 டயோடு வழியாகவும் அதைத் தொடர்ந்து 100 ஓம் ரெசிஸ்டர் வழியாகவும் வருகிறது. அங்கிருந்து கிரவுண்டுக்கு (9 வோல்ட்டின் மைனஸ் பக்கம்) 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. அதே இடத்திலிருந்து 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டைத் தொடராகக் கிரவுண்டுக்கு இறக்கினால் அவற்றின் நடுவில் பாதி வோல்டேஜ் கிடைக்கும். அந்த இடத்திலிருந்து கிரவுண்டுக்கு 47 மைக்ரோஃபாரட். இந்த இடத்தைப் பாதிப்புள்ளி என்று வைத்துக்கொள்வோம். கிட்டார் சிக்னல் ஊஞ்சல் மாதிரி பூஜ்யத்துக்கு மேலும் கீழும் ஆடுவது. ஐசிக்கு நாம் தருவதோ பூஜ்யத்திலிருந்து மேலே மட்டும். ஊஞ்சலைத் தரையோடு கட்டினால் கீழ்ப்பாதி முட்டும் அல்லவா? அதனால்தான் பாதி உயரத்தில் கட்டுகிறோம்.

இனி சிக்னல். உள்ளே வரும் வயரிலிருந்து கிரவுண்டுக்கு 2.2 மெகா ஓம். சிக்னல் 22 நானோஃபாரட் வழியாக ஐசியின் 3ஆம் காலுக்குப் போகிறது. 3ஆம் காலிலிருந்து பாதிப்புள்ளிக்கு 1 மெகா ஓம். 2ஆம் காலிலிருந்து 4.7 கிலோ ஓமும் 47 நானோஃபாரடும் தொடராகக் கிரவுண்டுக்கு. 1ஆம் காலுக்கும் 2ஆம் காலுக்கும் நடுவே மூன்று பாதைகள் இணையாக ஓடும். 47 கிலோ ஓமும் 500 கிலோ ஓம் கெயின் பாட்டும் (பாட் என்பது திருகி ஓமை மாற்றும் பாகம்) தொடராக ஒரு பாதை. 47 பிக்கோஃபாரட் இன்னொரு பாதை. ஒன்றுக்கொன்று தலைகீழாக வைத்த இரண்டு 1என்4148 டயோடுகள் மூன்றாவது.

1ஆம் காலிலிருந்து 1 கிலோ ஓம், அடுத்து 20 கிலோ ஓம் டோன் பாட். அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 10 நானோஃபாரட். அதே முனையிலிருந்து 1 மைக்ரோஃபாரட் வழியாக 100 கிலோ ஓம் லெவல் பாட்டுக்கு. அந்தப் பாட்டின் நடுக்கால்தான் வெளியே போகும் சிக்னல். ஐசியின் 8ஆம் கால் பிளஸ், 4ஆம் கால் கிரவுண்ட். இரண்டுக்கும் குறுக்கே, ஐசியை ஒட்டி, 100 நானோஃபாரட்.

டிஎல்072இல் இரண்டு ஆப்-ஆம்ப் உண்டு, நமக்கு வேண்டியது ஒன்றுதான். சும்மா இருக்கும் பாதியை அந்தரத்தில் விடக் கூடாது. 5ஆம் காலைப் பாதிப்புள்ளியோடும், 6ஆம் காலை 7ஆம் காலோடும் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது தன் பாட்டுக்கு ஆடி இரைச்சல் கிளப்பும்.

இந்த மதிப்புகளெல்லாம் எங்கிருந்து வந்தன? மாற்றலாமா?

மாற்றலாம். மாற்றத்தான் வேண்டும். கடைப் பெடலில் கிடைக்காத சுகமே அதுதான்.

பெருக்கத்தை எடுத்துக்கொள்வோம். 1ஆம், 2ஆம் கால்களுக்கு நடுவில் உள்ள ஓமை 4.7 கிலோ ஓமால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் எத்தனை மடங்கு என்று தெரிந்துவிடும். கெயின் பாட் பூஜ்யத்தில் இருந்தால் 47 கிலோ மட்டும்: 11 மடங்கு. முழுக்கத் திருகினால் 547 கிலோ: சுமார் 117 மடங்கு. கிட்டார் பிக்கப்பிலிருந்து வருவது சில பத்து முதல் சில நூறு மில்லிவோல்ட். சிலிக்கான் டயோடு திறப்பது 0.6 வோல்ட் பக்கத்தில். 100 மில்லிவோல்ட்டை 11 மடங்கு ஆக்கினாலே 1.1 வோல்ட். ஆகவே கெயினை அடியோடு குறைத்தாலும், அழுத்தி மீட்டினால் கரகரப்பு கொஞ்சம் இருக்கும். இதைக் கோளாறு என்று நினைத்து முழு நாளும் தேடியவர்கள் உண்டு.

அடுத்து அந்த 47 நானோஃபாரட். 4.7 கிலோ ஓமோடு சேர்ந்து 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கத்தைப் படிப்படியாகக் குறைக்கிறது. கிட்டாரின் தடித்த ஈ கம்பி 82 ஹெர்ட்ஸ். அந்த உயரத்தில் 117 மடங்கு கிடைக்காது, பதிமூன்று பதினாலு மடங்குதான் கிடைக்கும். ஏன் இப்படி வைத்தார்கள்? தாழ்ந்த ஒலிகளை அப்படியே பெருக்கி வெட்டினால் கஞ்சி மாதிரிக் குழம்பிவிடும், காட் (பல சுரங்கள் சேர்ந்த மீட்டல்) வாசித்தால் எந்தக் காட் என்றே தெரியாது. நடு ஒலிகளை மட்டும் வெட்டினால் தெளிவு தங்கும். டியூப் ஸ்க்ரீமர் வகைப் பெடலுக்கு மூக்கால் பாடுகிற குணம் வந்ததில் இந்தக் கெப்பாசிட்டருக்குப் பெரிய பங்கு உண்டு. பிடிக்கவில்லையா, 100 நானோஃபாரட் போடுங்கள், எல்லை 340 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கும். 220 போட்டால் 154. ஒலி தடிக்கும், கூடவே கொஞ்சம் சேறாகும். எது வேண்டும் என்பதை உங்கள் காதுதான் சொல்ல வேண்டும்.

டயோடை மாற்றினால் என்ன ஆகும்?

அதிக வித்தியாசம் கேட்பது இங்கேதான். ஜெர்மானியம் டயோடு 0.3 வோல்ட் அளவிலேயே திறந்துவிடும். சீக்கிரம் வெட்டும், ஒலியும் சின்னதாகும். சிவப்பு எல்இடி திறக்க 1.7 வோல்ட் போல வேண்டும். சிக்னலுக்கு இடம் அதிகம் கிடைப்பதால் சத்தம் கூடும், வெட்டு குறையும், விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி மாறுவது நன்றாகத் தெரியும். என் கைக்கு எல்இடிதான் பிடித்தது. ஆனால் அது பளிச்சென்று ஒளிரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஓடும் மின்னோட்டம் மிகச் சிறியது, இருட்டில் மங்கலாகத் தெரிந்தால் அதிர்ஷ்டம்.

ஒரு பக்கம் ஒரு டயோடு, மறுபக்கம் இரண்டு டயோடு தொடராக வைத்தால் அலையின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் வேறு வேறு உயரத்தில் வெட்டுப்படும். ஒரே மாதிரி வெட்டினால் ஒற்றைப்படை ஹார்மோனிக்குகள் (மூல அதிர்வெண்ணின் மடங்குகளான ஒலிகள்) மட்டுமே சேரும். ஏற்றத்தாழ்வாக வெட்டினால் இரட்டைப்படையும் வரும். ஓடி-1இல் இருந்தது இந்த ஏற்பாடுதான்.

இரண்டு டயோடையும் பின்னூட்டத்திலிருந்து எடுத்து, 1 கிலோ ஓமுக்கு அப்புறம் கிரவுண்டுக்கு வைத்துப் பாருங்கள். அதே பாகங்கள், ஒலி மட்டும் முரட்டு டிஸ்டார்ஷன். பின்னூட்டத்தில் இருக்கும்போது டயோடு திறந்தால் பெருக்கம்தான் சுருங்கும், மூல சிக்னல் கூடவே வந்துகொண்டிருக்கும். கிரவுண்டுக்கு வைத்தால் எல்லைக்கு மேலே போகும் எதுவும் தப்பாது.

ஆப்-ஆம்ப் ஜேஆர்சி4558 தான் வேண்டும் என்கிறார்களே?

பழைய டியூப் ஸ்க்ரீமரில் அது இருந்ததால் வந்த மோகம். டிஎல்072, 4558, என்இ5532 மூன்றுக்கும் கால் அமைப்பு ஒன்றே. சாக்கெட் வைத்துவிட்டால் மாற்றி மாற்றிச் செருகிக் கேட்கலாம். கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொன்னால் பலர் தடுமாறுவார்கள், நானும்தான். ஐசி தேடி அலையும் நேரத்தில் டயோடுகளை மாற்றிப் பார்ப்பது மேல்.

நேராகச் சால்டர் செய்துவிடலாமா? பிரெட்போர்டு எதற்கு?

இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் கறாராகவே பதில் சொல்வேன்: முதலில் பிரெட்போர்டு, அதாவது சால்டரை உருக்கி ஒட்டாமல் பாகங்களைத் துளைகளில் செருகிப் பார்க்கும் பலகை. மேலே சொன்ன மாற்றங்களெல்லாம் அதில் பத்து வினாடி வேலை. கெப்பாசிட்டரைப் பிடுங்கு, வேறொன்றைச் செருகு, ஒரு காட் வாசி. சால்டர் செய்த பிறகு அதே மாற்றத்துக்கு அரை மணி நேரம் ஆகும், பலகையின் தாமிரத் தடமும் பிய்ந்துவரும். பெடலின் குணம் முடிவாவது பிரெட்போர்டில்தான். பெட்டிக்குள் வைப்பது தச்சுவேலை மாதிரி, அப்புறம் வருவது.

ஒரு மாற்றம் செய்தால் அதைக் கேட்டு முடித்த பிறகே அடுத்தது. இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது என்ன செய்தது என்று தெரியாது. ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு வரி எழுதி வையுங்கள். பிரெட்போர்டில் வயர்கள் நீளமாக இருப்பதால் கொஞ்சம் ஹம் (ம்ம்ம் என்ற இரைச்சல்) இருக்கும், பெட்டிக்குள் போனால் குறைந்துவிடும்.

என்னென்ன கருவி வேண்டும்?

முனை மெல்லியதான, வெப்பத்தை மாற்றிக்கொள்ள முடிகிற சால்டரிங் அயர்ன், ஃப்ளக்ஸ் (சால்டர் படர உதவும் பிசின்) உள்ளே அடைத்த சால்டர் கம்பி, கட்டர், வயர் ஸ்ட்ரிப்பர், சால்டரை உறிஞ்சும் பம்ப், மல்டிமீட்டர். இதில் மல்டிமீட்டர் இல்லாமல் தொடங்காதீர்கள். மற்றதை இரவல் வாங்கிச் சமாளிக்கலாம்.

நான் சால்டர் செய்தால் உருண்டை உருண்டையாக நிற்கிறது. ஏன்?

அயர்ன் முனையில் சால்டரை உருக்கி அதைக் கொண்டுபோய் இணைப்பின் மேல் அப்புகிறீர்கள். முறை வேறு. அயர்ன் முனை, பாகத்தின் கால், தாமிரத் தடம் மூன்றும் ஒன்றையொன்று தொட வேண்டும். ஒன்றிரண்டு வினாடி சூடாக விடுங்கள். பிறகு கம்பியை முனைக்கு எதிர்ப்பக்கமிருந்து காலில் வையுங்கள். இடம் சூடாகியிருந்தால் சால்டர் தானாக உருகிச் சுற்றிப் படரும். முதலில் கம்பியை எடுங்கள், பிறகு அயர்னை. ஆறும்வரை அசைக்காதீர்கள். நல்ல இணைப்பு சின்ன எரிமலை போலச் சரிவாக இருக்கும்.

தகரமும் ஈயமும் கலந்த 60/40 கம்பி சுமார் 190 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். ஈயமில்லாத கம்பிக்கு 220 பக்கம் வேண்டும். அயர்ன் முனை 330 முதல் 370 டிகிரி வரை இருந்தால் வேகமாக வேலை முடியும். குறைந்த வெப்பத்தில் ரொம்ப நேரம் வைத்திருப்பதுதான் பாகங்களுக்குக் கேடு. புகை பெரும்பாலும் ஃப்ளக்ஸ் எரிவது. அதை நுகராமல் ஜன்னல் பக்கம் உட்காருங்கள். ஈயக் கம்பியைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள்.

ஐசியை நேரடியாகச் சால்டர் செய்யாமல் எட்டுக் கால் சாக்கெட்டைச் சால்டர் செய்து, எல்லாம் முடிந்த பிறகு செருகுங்கள். செருகும்போது ஐசியின் ஒரு ஓரத்தில் உள்ள வெட்டு அடையாளத்தைப் பாருங்கள். அதை மேலே வைத்தால் இடது மேல் கால்தான் 1. தலைகீழாகச் செருகி மின்சாரம் கொடுத்தால் ஐசி போய்விடும்.

கெப்பாசிட்டரில் 104, 473 என்று போட்டிருக்கிறது. அது என்ன?

முதல் இரண்டு இலக்கம் எண், மூன்றாவது எத்தனை பூஜ்யம் என்பது, அலகு பிக்கோஃபாரட். 473 என்றால் 47,000 பிக்கோ, அதாவது 47 நானோ. 104 என்றால் 100 நானோ. 223 நமக்கு வேண்டிய 22 நானோ. பலரை ஏமாற்றுவது 470: பூஜ்யம் எதுவும் சேர்க்காததால் அது வெறும் 47 பிக்கோ.

இந்தச் சர்க்யூட்டில் உருளை வடிவ எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டருக்கு மட்டும் திசை உண்டு, பட்டை போட்ட பக்கம் மைனஸ். அந்த 1 மைக்ரோஃபாரடும் எலக்ட்ரோலைட்டிக்காகக் கிடைத்தால் அதன் பிளஸ் ஐசி பக்கம் இருக்கட்டும். டயோடில் கோடு போட்ட முனை கேத்தோடு, அதாவது மின்சாரம் வெளியேறும் முனை. ரெசிஸ்டருக்கு வண்ணப்பட்டை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் அளந்துவிட்டு வைப்பது நல்லது. நீலநிற ரெசிஸ்டர்களில் பழுப்பும் சிவப்பும் ஒரே மாதிரித்தான் தெரிகின்றன, குறைந்தபட்சம் என் கண்ணுக்கு.

பாட்டில் ஏ, பி என்று இருப்பது?

ஏ என்றால் லாக் (முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் ஏறுவது), பி என்றால் சீரான ஏற்றம். லெவலுக்கும் கெயினுக்கும் ஏ, டோனுக்கு பி. தண்டு உங்களைப் பார்த்தும் கால்கள் கீழேயும் இருக்கப் பிடித்தால் இடமிருந்து 1, 2, 3. லெவலுக்கு 3இல் சிக்னல் உள்ளே, 1 கிரவுண்ட், 2 வெளியே. கெயினுக்கு 1, 2 போதும். டோனுக்கு 2, 3. எதையாவது திருகும்போது தலைகீழாக வேலை செய்தால் ஓரக் கால்களை மாற்றிப் போடுங்கள்.

ஃபுட்ஸ்விட்சில் ஒன்பது கால் இருக்கிறதே!

பார்த்தால் மலைப்பாக இருக்கும். உண்மையில் அது ஒரே மிதியில் மாறும் மூன்று தனித்தனி ஸ்விட்ச். ஒவ்வொன்றுக்கும் நடுக்கால் ஒன்று, இருபுறமும் ஓரக் கால் ஒவ்வொன்று. முதல் ஸ்விட்சின் நடுவில் கிட்டார் ஜாக் (கேபிள் செருகும் துளை), ஒரு ஓரம் பலகையின் உள்வாசல். இரண்டாவதன் நடுவில் ஆம்ப் ஜாக், அதே பக்க ஓரம் பலகையின் வெளிவாசல். இரண்டின் மறு ஓரங்களையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டால் பெடல் அணைந்திருக்கும்போது சிக்னல் நேராகப் போய்விடும். மூன்றாவதன் நடு கிரவுண்ட், பெடல் போட்ட பக்க ஓரம் எல்இடியின் மைனஸ். எல்இடியின் பிளஸ், 4.7 கிலோ ஓம் வழியாக 9 வோல்ட்டுக்கு.

எந்த மூன்று கால் ஒரு குழு என்பதை ஊகிக்காதீர்கள். மல்டிமீட்டரைப் பீப் சத்தத்தில் வைத்து, மிதித்து மிதித்துக் கண்டுபிடியுங்கள். கால்களில் அயர்னை அதிக நேரம் வைத்தால் உள்ளே பிளாஸ்டிக் இளகி ஸ்விட்ச் கெடும். ஒரு காலை முடித்ததும் பக்கத்துக் காலுக்குப் போகாமல் தூரத்துக் காலுக்குப் போங்கள்.

பேட்டரியா, அடாப்டரா?

இரண்டும் ஆகும். இந்தச் சர்க்யூட் எல்இடியோடு சேர்த்து ஐந்து மில்லிஆம்பியர் அளவில்தான் எடுக்கும். பேட்டரி வைத்தால் உள் ஜாக் ஸ்டீரியோ வகையாக இருக்கட்டும். பேட்டரியின் மைனஸை அதன் ரிங் காலில் இணைத்தால், கிட்டார் கேபிளைச் செருகும்போது மட்டும் மின்சாரம் ஓடும். கேபிளைப் பிடுங்காமல் தூங்கப் போனால் இரவெல்லாம் பேட்டரி கரையும், அது வேறு விஷயம்.

அடாப்டர் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். பெடல் உலகில் வழக்கம், நடு ஊசி மைனஸ், வெளிச்சுற்று பிளஸ். மற்ற கருவிகள் பலவற்றுக்கு இது நேர்மாறு. மாற்றிச் செருகினாலும் 1என்5817 காப்பாற்றும். ஆனால் அடாப்டர் சாக்கெட் உலோக உடம்புள்ளதாக இருந்தால் அந்த உடம்பே பிளஸ். பெட்டியோ கிரவுண்ட். இரண்டும் தொட்டால் ஷார்ட். பிளாஸ்டிக் உடம்புள்ள சாக்கெட்டே வாங்குங்கள்.

பெட்டிக்கு எதைப் பயன்படுத்தலாம்?

அலுமினியம். உலோகப் பெட்டி கிரவுண்டோடு இணைந்திருந்தால் வெளியிலிருந்து வரும் ஹம்மைத் தடுக்கும், மிதியும் தாங்கும். பிளாஸ்டிக் டப்பா இரண்டையும் செய்யாது. 1590பி என்ற அளவு பிரபலம், சுமார் 11 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம், 3 செ.மீ. உயரம். முதல் பெடலுக்கு அது நெருக்கடி. 125பி கொஞ்சம் பெரியது, விரல் நுழையும்.

துளை போடும் முன் பாகங்களைக் கையில் வைத்து அளந்துகொள்ளுங்கள். பொதுவாக ஜாக்குக்கு 10 மி.மீ., ஃபுட்ஸ்விட்சுக்கு 12, 16 மி.மீ. பாட்டுக்கு 7. முதலில் 3 மி.மீ. துளை, பிறகு பெரிதாக்குவது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அலுமினியச் சீவல் தெறிக்கும். உள்ளிருந்து பார்த்தால் இடவலம் மாறும் என்பதை மறந்து, ஜாக்குகளைத் தவறான பக்கம் வைத்தவன் நான் மட்டும் இல்லை என்று நம்புகிறேன்.

எல்லாம் முடித்துவிட்டேன். சத்தமே வரவில்லை.

வரவேற்கிறேன். முதல் தடவையே வேலை செய்த பெடல் அபூர்வம். பாகம் பழுதாக இருப்பதும் அபூர்வம்தான். பிழை பெரும்பாலும் நம் இணைப்பில் இருக்கும். என் முதல் பெடலில் பலகையை இரண்டு நாள் துருவினேன். கடைசியில் பார்த்தால் ஜாக்கின் சிக்னல் கால் பெட்டிச் சுவரில் உரசிக்கொண்டிருந்தது. பெட்டியை விட்டு வெளியே எடுத்தால் பாடும், உள்ளே வைத்தால் ஊமை. ஒரு துண்டு டேப்பில் தீர்ந்தது.

அணைத்த நிலையில் கிட்டார் ஒலி நேராகப் போகிறதா? போகாவிட்டால் பலகையைத் தொடாதீர்கள், குற்றம் ஜாக்கிலோ ஸ்விட்சிலோ. போகிறது என்றால் மல்டிமீட்டரின் கருப்பு முனையைக் கிரவுண்டில் வைத்து ஐசியின் கால்களை அளங்கள். 8ஆம் காலில் எட்டரை வோல்ட் பக்கம் இருக்க வேண்டும், டயோடும் 100 ஓமும் கொஞ்சம் தின்றுவிடும். 4இல் பூஜ்யம். மற்ற ஆறு கால்களிலும் 8இல் கண்டதில் ஏறக்குறையப் பாதி. 3ஆம் காலில் மட்டும் சற்றுக் குறைவாகக் காட்டும், அது பிழையல்ல. 1 மெகா ஓம் வழியாக வரும் வோல்டேஜை மீட்டரே கொஞ்சம் இழுத்துவிடுகிறது. 1ஆம் காலில் எட்டோ பூஜ்யமோ காட்டினால் பின்னூட்டப் பாதை அறுந்திருக்கிறது, அல்லது எங்கோ இரண்டு தடங்கள் ஒட்டியிருக்கின்றன.

வோல்டேஜ் சரி, சத்தம் இல்லை என்றால் ஒலி ஊசி செய்யுங்கள். ஆம்புக்குப் போகும் கேபிளின் சிக்னல் முனையில் 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை இணைத்து, அதன் மறுகாலை ஊசியாக வைத்துக்கொள்வது. கேபிளின் கிரவுண்டைப் பெட்டியின் கிரவுண்டோடு சேருங்கள். ஆம்ப் வால்யூம் குறைவாக இருக்கட்டும். யாரையாவது கிட்டாரை மீட்டச் சொல்லிவிட்டு, உள்வாசலிலிருந்து சிக்னல் போகும் வழியில் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் ஒலி நின்றுபோகிறதோ அதற்கு முந்தைய இணைப்பில் ஆள் அகப்பட்டான். எத்தனையோ மணி நேரம் மிச்சமாகும்.

வெரோபோர்டில் (தாமிரத் தடங்கள் வரிசையாக ஓடும் துளைப் பலகையில்) செய்தவர்கள், தடங்களை அறுக்க வேண்டிய இடங்களை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். முடி அளவு தாமிரம் மிஞ்சியிருந்தாலும் அறுக்காததற்குச் சமம்.

ஒலி வருகிறது, ஆனால் கீச்சென்று விசில் அடிக்கிறது.

உள்ளே வரும் வயரும் வெளியே போகும் வயரும் ஒட்டி ஓடுகின்றன. நூறு மடங்கு பெருக்கிய சிக்னல் திரும்ப வாசலுக்கே போனால் விசில்தான். பிரித்து வையுங்கள், முடிந்தால் உள்வயருக்குக் கவசமுள்ள கேபிள் போடுங்கள்.

விசில் இல்லாமல் ம்ம்ம் என்று ஹம் என்றால் பேட்டரியில் போட்டுப் பாருங்கள். போய்விட்டால் குற்றவாளி அடாப்டர். போகாவிட்டால் பெட்டியும் பாட்டுகளின் உடம்பும் கிரவுண்டில் இருக்கின்றனவா பாருங்கள். ரேடியோ நிலையம் கேட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். உள்வாசலில் தொடராக 1 கிலோ ஓம், அதற்கு அப்புறம் கிரவுண்டுக்கு 100 பிக்கோஃபாரட் வைத்தால் வானொலி ஓய்ந்துவிடும்.

மிதிக்கும்போது 'டப்' என்று கேட்கிறதே?

அந்த 2.2 மெகா ஓமை விட்டுவிட்டீர்களா பாருங்கள். அது இல்லாவிட்டால் கெப்பாசிட்டரில் தேங்கிய வோல்டேஜ் மிதிக்கும் கணத்தில் மொத்தமாக இறங்கும். அது இருந்தும் லேசாகக் கேட்டால் ஸ்விட்சின் இயந்திரச் சத்தம், விட்டுவிடுங்கள்.

18 வோல்ட் கொடுத்தால் இன்னும் நன்றாக இருக்குமாமே?

இந்தச் சர்க்யூட்டில் வெட்டுவது டயோடு. அது 0.6 வோல்ட்டிலேயே வெட்டிவிடுவதால் மேலே எவ்வளவு இடம் இருந்தாலும் பெரிய பயனில்லை. டிஎல்072 தாங்கும். ஆனால் 16 வோல்ட் எழுதிய கெப்பாசிட்டர் ஒன்று உள்ளே இருந்தால் அது தாங்காது. முதலிலேயே 25 வோல்ட் வகையாக வாங்கி வையுங்கள், யாராவது தவறான அடாப்டரைச் செருகும் நாளுக்கு உதவும்.

பேஸ் கிட்டாருக்கு இதே பெடல் ஆகுமா?

ஆகும், ஒரு கெப்பாசிட்டரை மாற்றினால். பேஸின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ். 47 நானோவுடன் வாசித்தால் அடித்தளம் கிட்டத்தட்ட வெட்டுப்படாமலே கடந்து போகும், மேலே மெல்லிய கரகரப்பு மட்டும் மிதக்கும். 220 நானோஃபாரட் போட்டால் ஒலி ஒன்றுசேரும். பெருக்கம் ஒரு மடங்குக்குக் கீழே எப்போதும் இறங்காத அமைப்பு என்பதால் தாழ்ந்த ஒலி காணாமல் போகாது. எல்இடி டயோடுகளோடு செய்து பாருங்கள். எனக்குக் கிட்டாரைவிட அதில்தான் இந்தச் சர்க்யூட் அதிகம் பிடித்துப்போனது.